பூட்டினதை அவிழ்ப்பது எப்படி?

மாட்டைப் பூட்டுவதற்கு ஒரு முறை இருப்பதுபோல அவிழ்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. கரிசல்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பருத்திப் பொதி ஏற்றிய வண்டியில் பாரம் பின்பக்கம் கூடுதலாக இருந்தால், பூட்டாங்கயிற்றை உருவியதும் நுகத்தடி ஆளைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். பாரம் முன்பக்கம் இருந்தால் நுகத்தடி தரையில் வந்து விழும். ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டு அடுத்ததை அவிழ்க்க நேரமானால், கட்டில் இருக்கிற மாடு வண்டியை இழுத்துக்கொண்டு திரும்பும். அதனால் நுகத்தடியை யார் பிடித்திருக்கிறார்கள், சக்கரத்துக்கு அண்டக்கல் வைத்தாயிற்றா என்று பார்த்த பிறகுதான் கயிற்றில் கை வைப்பார்கள்.

இந்தப் பதிவு மாட்டுவண்டியைப் பற்றியது அல்ல. மடிக்கணினியைப் பற்றியது. அதிலும், ஒரு பீடத்தில் பூட்டி வைத்த மடிக்கணினி கழன்று வர மறுப்பதைப் பற்றியது. ஆனாலும் விஷயம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். படித்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

முதலில் இந்தப் பீடம் எது என்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் டாக்கிங் ஸ்டேஷன் என்பார்கள். சுருக்கமாக டாக். டாக் என்றால் கப்பல் வந்து அணையும் துறை. நம் கரிசல் பருத்தி தூத்துக்குடித் துறையில் கப்பலேறிப் போனது நமக்குத் தெரிந்த கதை. கப்பல் துறையில் அணைவதுபோல மடிக்கணினி இந்தப் பீடத்தில் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் மின்சாரம், பெரிய திரை, விசைப்பலகை, மவுஸ், பிரிண்டர், நெட்வொர்க் கேபிள் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்ளும். வெளியே கிளம்பும்போது ஒவ்வொரு ஒயராகப் பிடுங்க வேண்டியதில்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் ஒன்றாக விடுபடும். விடுபட வேண்டும் என்பதுதான் கணக்கு.

இதன் பிறப்பு 1990-ஐ ஒட்டிய காலம். அன்றைக்குக் கையில் தூக்கிப் போகிற கணினிக்குத் திறமையும் குறைவு, இடமும் குறைவு. அலுவலகத்தில் ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று இரண்டு கணினி வைத்துக்கொள்ள எல்லோராலும் முடியாது. ஒன்றையே இரண்டாக்க ஆப்பிள் நிறுவனம் 1992 அக்டோபரில் ஒரு வழி செய்தது. பவர்புக் டுயோ என்று இரண்டு கிலோவுக்கும் குறைவான ஒரு மடிக்கணினி. அதில் பிளாப்பி போடக்கூட இடம் கிடையாது. அதற்கென்று டுயோ டாக் என்று ஒரு பெட்டி. வி.சி.ஆர். பெட்டியில் கேசட்டைத் தள்ளுவோமே, அதேபோல மூடிய மடிக்கணினியை முன்பக்கத் திறப்பில் தள்ளினால் உள்ளே இருக்கிற மோட்டார் இழுத்துக்கொள்ளும். பெட்டியின் மேலே பெரிய திரை உட்கார்ந்திருக்கும். வெளியே எடுக்க வேண்டுமென்றால் கணினியை முறைப்படி நிறுத்தியாக வேண்டும். அவசரத்துக்கு உருவி எடுக்க முடியாது.

அந்த ஏற்பாடு ஏன் என்பதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நான் வேலை பார்த்தது தொலைபேசித் துறையில். பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்களுக்கு ‘கால்டு சப்ஸ்கிரைபர் ஹெல்ட்’ என்ற வார்த்தை நினைவிருக்கும். அந்த எக்ஸ்சேஞ்சில் இணைப்பு முழுவதும் கூப்பிட்டவர் கையில். பேசி முடித்ததும் அவர் ரிசீவரைச் சரியாக வைக்கவில்லை என்றால், கூப்பிடப்பட்டவர் எத்தனை தடவை வைத்து எடுத்தாலும் டயல் டோன் வராது. அவர் போன் செத்துவிட்டதாகப் புகார் எழுதுவார். போனில் ஒரு கோளாறும் இருக்காது. எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு ரிசீவர் ஸ்டூல் மேல் கவிழ்ந்து கிடக்கும். நாங்கள் செலக்டர் வரிசையில் பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தேடிப்போய், யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்போம். புகார் கொடுத்தவர் வீட்டுப் போனைக் கழற்றிப் பார்ப்பதால் பயனில்லை. இந்தத் தேடும் பழக்கம்தான் பின்னால் ஒருநாள் எனக்குக் கைகொடுத்தது. அதற்கு வருகிறேன்.

கணினிக்குத் திரும்புவோம். 1995 ஆகஸ்ட் 24 அன்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 95 வெளிவந்தது. அதன் ஸ்டார்ட் மெனுவில், டாக்கில் உட்கார்ந்திருக்கிற மடிக்கணினிக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக வரும்: ‘ஈஜக்ட் பி.சி.’ அதை அழுத்துவது, ‘நான் கிளம்பலாமா?’ என்று கணினி கேட்பதற்குச் சமம். டாக்கில் செருகிய வட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கிறதா, திறந்த கோப்பு ஏதும் இருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கும். எல்லாம் முடிந்திருந்தால் விடும். இல்லையென்றால் பிடித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு, 1996 டிசம்பரில், இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற பொது விதித் தொகுப்பை வெளியிட்டன. மின்சாரத்தைச் சிக்கனமாகக் கையாள்வதுதான் அதன் முக்கிய நோக்கம் என்றாலும், டாக்கில் சேர்வதையும் பிரிவதையும் எப்படிக் கேட்டு எப்படிச் செய்வது என்பதும் அதில் இடம்பெற்றது.

பிறகு இன்னொரு பூட்டும் சேர்ந்தது. விண்டோஸ் 2000 முதல், டாக்கிலிருந்து கணினியை எடுக்கும் உரிமை யாருக்கு உண்டு, உள்நுழையாமலே எடுக்கலாமா என்பதை அலுவலக நிர்வாகி தீர்மானிக்கலாம் என்று ஆனது. இது திருட்டுப் பயத்தால். பல டாக்குகளின் பக்கவாட்டில் சாவித் துவாரமும் வைத்தார்கள். சாவியைத் திருப்பிவிட்டால் பொத்தான் வேலை செய்யாது.

ஆக, ஒரு மடிக்கணினி கழன்று வரவில்லை என்றால் அதைப் பிடித்திருப்பது மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று, கொக்கியும் சாவியும் போன்ற இரும்புப் பிடி. இரண்டு, மென்பொருளின் பிடி. மூன்றாவது, யாரும் திட்டமிட்டு வைக்காத பிடி. இந்த மூன்றாவதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. அதன் பிறகுதான் நம் பக்கத்துக் கிராமத்து வீடுகளில் மடிக்கணினி சாதாரணப் பொருளானது. அப்போதும் டாக்கை இங்கே யாரும் கண்டதில்லை. அது பெரிய கம்பெனிகளின் மேசைச் சாமான். 2020 மார்ச் 25 முதல் நாடு அடைபட்டபோது நிலைமை மாறியது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த பிள்ளைகள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களின் அலுவலகச் சாமான்களும் அட்டைப்பெட்டியில் வந்தன. காரியாபட்டியில் என் தங்கை வீட்டுக்கும் அப்படி ஒரு டாக் வந்தது. தங்கை மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. நெல் மூட்டை அடுக்குகிற அறையை ஒழித்து, மேசை போட்டு, டாக்கை வைத்து, மடிக்கணினியைப் பூட்டினாள். அதன் பிறகு இரண்டு வருஷம் அது அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இரவும் பகலும் பிளக்கில்தான். மேலே தகரக் கூரை. சித்திரை வெயிலில் அந்த அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2022 ஏப்ரலில் அலுவலகத்துக்கு நேரில் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அன்று இரவு மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். துணிமணி எல்லாம் கட்டியாகிவிட்டது. மடிக்கணினி மட்டும் வரவில்லை. எனக்குப் போன் வந்தது.

“மாமா, பட்டனை அமுக்குறேன், டொக்குன்னு சத்தம் மட்டும் கேக்குது. தூக்குனா வரமாட்டேங்குது. ஆபீஸ்ல கேட்டா ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கன்றாங்க. பண்ணிட்டேன்.”

நான் போய்ச் சேரும்போது அவள் தம்பி கையில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர். இடுக்கில் கொடுத்து நெம்பத் தயாராக நின்றான்.

“விடுப்பா, அதக் கீழ வையி. யாரு புடிச்சிருக்கான்னு தெரியாம நெம்பக் கூடாது.”

வரிசையாகப் பார்த்தோம். சாவித் துவாரத்தில் அடையாளக்கோடு திறந்த நிலையில் இருந்தது. அப்படியானால் சாவியின் பிடி இல்லை. கணினியை முழுவதுமாக நிறுத்தச் சொன்னேன். விளக்குகள் அணைந்தன. நிறுத்திய கணினியை மென்பொருள் பிடிக்க முடியாது. இரண்டும் இல்லை என்றால்?

அப்போது மூடியைப் பார்த்தேன். மூடி முழுவதும் படியவில்லை. ஒரு பக்கம் விரல் நுழைகிற இடைவெளி. திறந்து பார்த்தால், விரலால் தேய்க்கிற டச்பேட் தன் சட்டத்தைவிட்டு மேலே எழுந்து நின்றது. பூரி உப்பினாற்போல. “இது எப்பயிருந்து இப்படி இருக்கு, தாயி?” என்று கேட்டேன். “கொஞ்ச நாளாவே கிளிக் சரியா ஆகல மாமா, நான் மவுஸ்தான யூஸ் பண்றேன், கவனிக்கல” என்றாள்.

பேட்டரி உப்பியிருந்தது. அதுதான் அந்த மூன்றாவது பிடி. உப்பிய பேட்டரி மேலே டச்பேடைத் தள்ளியது. கீழே அடிமூடியைத் தள்ளி, டாக்கின் தட்டுக்கு முட்டுக் கொடுத்தது. அதனால் டாக்கின் இரண்டு கொக்கிகளும் வில் ஏற்றினாற்போல இறுகிக்கொண்டன. பொத்தானை அமுக்கினால் ஒன்று விடும், மற்றொன்று விடாது. ஒற்றை மாட்டை அவிழ்த்த வண்டியின் கதை.

லித்தியம் அயனி பேட்டரியை முதலில் கடைச்சரக்காக விற்றது ஜப்பானின் சோனி நிறுவனம், 1991-இல். இதை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அருமையான பொருள்தான், ஆனால் அதற்கு இரண்டு விரோதிகள்: சூடு ஒன்று, எந்நேரமும் நூறு சதவீதம் நிரம்பியே இருப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற திரவம் மெல்லச் சிதைந்து வாயுவாகும். வாயு வெளியே போக வழியில்லாமல் உறை உப்பும். வருஷக்கணக்கில் டாக்கில் பூட்டி வைத்தால் இந்த இரண்டும் அதற்கு ஓயாமல் கிடைக்கும். உப்பிய உறையில் கூரான இரும்பு பட்டால் உள்ளே இருக்கிற தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நொடியில் தீப்பிடிக்கும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அவை சோனி செய்தவை. அங்கே காரணம் வேறு, தயாரிப்பின்போது உள்ளே கலந்துவிட்ட உலோகத் துகள். ஆனால் உள்ளுக்குள் தகடுகள் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை உலகம் அன்றுதான் பார்த்தது.

அந்த ஸ்க்ரூடிரைவர் போகவிருந்த இடம் நேராக அந்த உறைக்குத்தான்.

டாக்கின் மின்சாரத்தைப் பிடுங்கினோம். அறையைவிட்டு, டாக்கோடு சேர்த்தே, முற்றத்து நிழலுக்கு மேசையை நகர்த்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். பிறகு கொக்கி இருக்கிற பின்பக்க ஓரங்களை மட்டும் நான் உள்ளங்கையால் லேசாகக் கீழே அமுக்கினேன். நடுவில் கை படவே இல்லை. அமுக்கும்போது கொக்கியின் இறுக்கம் தளரும். அந்த நேரத்தில் அவளைப் பொத்தானை அமுக்கச் சொன்னேன். இரண்டாவது தடவையில் இரண்டு கொக்கியும் சேர்ந்து விட்டன. இரண்டு கையாலும் நேராக மேலே தூக்கினேன். அடிப்பக்கம் நன்றாகவே புடைத்திருந்தது.

எடுத்தாகிவிட்டது, கிளம்பலாம் என்றுதான் அவள் நினைத்தாள். பைக்குள் வைக்கப் போனவளைத் தடுத்தேன். இரவு ரயில். முன்னூறு பேர் தூங்குகிற நேரம். பெர்த்துக்கு அடியில், பெட்டிகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு இந்தப் பை. “வேலையில சேர வரச்சொல்லியிருக்காங்க மாமா, மெஷின் இல்லாமப் போனா என்ன சொல்வாங்க?” என்று கண் கலங்கினாள். நியாயமான கவலைதான். போனில் நாலு படம் எடுத்து, மூடி படியாததும் டச்பேட் எழுந்ததும் தெரிகிற மாதிரி, அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது: மெஷினைத் தொட வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம், கொண்டுவர வேண்டாம், இங்கே வேறு தருகிறோம். அவள் பாண்டியனில் கை வீசிக்கொண்டு போனாள். மடிக்கணினி முற்றத்தில், மணல் பரப்பிய இரும்புச் சட்டியில், மூன்று நாள் இருந்தது. பிறகு கம்பெனி அனுப்பிய ஆள் மதுரையிலிருந்து வந்து எடுத்துப் போனார்.

இதற்குப் பிறகுதான் இந்தச் சாதனத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. 2015 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் புக் என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது. திரைப் பகுதியைத் தனியாகக் கழற்றலாம். கொக்கியை விடுவிப்பதற்கு மோட்டார் கிடையாது. நிட்டினால் என்ற உலோகக் கம்பி, நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. மின்சாரம் பாய்ந்து சூடேறினால் அது சுருங்கிக் கொக்கியை இழுக்கும். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் 1959-இல் கண்டுபிடித்த உலோகம். கழற்றும் பொத்தானில் பச்சை விளக்கு எரிந்தால் எடுக்கலாம், சிவப்பு எரிந்தால் கூடாது. கீழ்ப்பகுதியில் இருக்கிற கிராஃபிக்ஸ் சில்லை ஏதாவது நிரல் பயன்படுத்திக்கொண்டிருந்தால் விடாது. பேட்டரியில் போதிய சக்தி இல்லையென்றாலும் விடாது. கழற்றுவதற்கும் சக்தி வேண்டும் அல்லவா? பழுது என்று நினைத்துப் பலர் பிடித்து இழுத்தார்கள். அது பழுதே இல்லை. ‘இப்போது வேண்டாம்’ என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

இதையே வானத்திலும் பார்த்தோம். நம் இஸ்ரோ 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஸ்பேடெக்ஸ் என்ற பெயரில் இரண்டு சிறு செயற்கைக்கோள்களை அனுப்பியது. ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. விண்வெளியில் ஒன்றை ஒன்று தேடிப்போய் இணைய வேண்டும். ஜனவரி 7 என்று குறித்த தேதி 9 ஆகி, அதுவும் தள்ளிப்போய், 2025 ஜனவரி 16 அன்று இணைந்தன. ரஷ்யா, அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து நாலாவது நாடு என்று எல்லோரும் கொண்டாடினோம். அதற்குச் சில நாளுக்கு முன்புதான் குமரி மாவட்டத்துக்காரரான வி. நாராயணன் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார். அந்தச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. பிரிந்த செய்தியை எத்தனை பேர் கவனித்தீர்கள்? 56 நாள் கழித்து, மார்ச் 13 அன்று பிரித்தார்கள். பிடித்திருந்த நெம்புகோல்களை வரிசைப்படி ஒவ்வொன்றாக விடுவித்து, கடைசியில் இரண்டு கோள்களுக்கும் விடுவிப்புக் கட்டளை கொடுத்து, முதல் முயற்சியிலேயே பிரித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அன்றைக்கும் அதே அளவு கைதட்டியிருக்க வேண்டும். பிரியத் தெரியாத இணைப்பை வைத்துக்கொண்டு நிலவுக்குப் போய்த் திரும்ப முடியாது.

இப்போது வருகிற டாக்குகளில் கொக்கியே இல்லை. யு.எஸ்.பி.-சி என்ற ஒற்றை ஒயர்தான். 2014-இல் அதன் விதிமுறை வந்த பிறகு பழைய பீடங்கள் மெல்ல மறைந்துவருகின்றன. இழுத்தால் வந்துவிடும். அதனாலேயே எழுதிக்கொண்டிருக்கிற வட்டைப் பாதியில் பிடுங்கிக் கோப்பைக் கெடுத்துக்கொள்வது சுலபமாகிவிட்டது. கொக்கிதான் போயிருக்கிறது. கேட்டுவிட்டு எடுக்கிற முறை போய்விடக் கூடாது.

நம்மில் பலர் வீட்டில் பிள்ளைகளின் பழைய மடிக்கணினி ஏதாவது ஒன்று பிளக்கிலேயே கிடக்கும். அவர்களுக்காகச் சில வார்த்தை:

கழன்று வரவில்லை என்றால் முதலில் கணினியை முழுவதும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் வந்தால், பிடித்திருந்தது மென்பொருள். பிறகு சாவித் துவாரத்தைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தூசி அடைத்திருக்கிறதா, மூடி சரியாகப் படிகிறதா, அடிப்பக்கம் மேசையில் ஆடாமல் உட்காருகிறதா, டச்பேட் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உப்பல் தெரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மின்சாரத்தைப் பிடுங்கி, ஆறவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். எந்தக் காரணத்துக்கும் கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம். உப்பிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். குப்பை அள்ள வருகிறவர்களும் நம் ஊர் மனிதர்கள்தான். நல்ல நிலையில் இருக்கிற கணினியானால், 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைக்கிற வசதி பல மடிக்கணினிகளில் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லி அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள்.

என் தங்கை வீட்டில் அந்த அறையில் இப்போது மறுபடியும் நெல் மூட்டைதான். டாக்கையும் கம்பெனிக்காரர்களே எடுத்துப் போய்விட்டார்கள். ஸ்க்ரூடிரைவர் பிடித்து நின்ற அந்தத் தம்பி இப்போது அருப்புக்கோட்டையில் மொபைல் ரிப்பேர் கற்றுக்கொள்கிறான். போன வாரம் பார்த்தபோது, உப்பின பேட்டரியோடு வருகிற போனை எப்படித் திறக்க வேண்டும் என்று எனக்கே விளக்கினான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.